மூன்று குதிரை போதும்

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹெச்.பி. என்ற சொல் முதன்முதலில் காதில் விழுவது கிணற்று மேட்டில்தான். ‘அஞ்சு ஹெச்.பி. மோட்டாரு’, ‘ஏழரை போட்டாத்தான் தண்ணி மேல ஏறும்’ என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டே வளர்கிறோம். 75 கிலோ எடையை ஒரே நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் திறன்தான் பைக் விளம்பரங்களில் வரும் ஒரு ஹெச்.பி. ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஒரு தோட்டத்தையே நனைத்துவிடும்.

அந்த மோட்டாரை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி. ஓர் ஆளை ஏற்றிய பைக், சமதரைத் தார்ரோட்டில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓட எத்தனை ஹெச்.பி. தேவைப்படும்? இந்தக் கேள்வியைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். பத்து, பதினைந்து என்றுதான் பதில் வரும். விடை ஏறக்குறைய மூன்று.

கணக்கு எளிது. ஓடும் வண்டியை இரண்டு பேர் பிடித்து இழுக்கிறார்கள். ஒன்று டயர் உருளும்போது எழும் தடை. வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ என்றால், இது சுமார் 32 நியூட்டன். மூன்று கிலோ சர்க்கரைப் பையைக் கையில் தூக்கும் பளு. இது வேகத்தோடு அதிகம் கூடுவதில்லை. இன்னொன்று காற்று. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவரை 60 கி.மீ. வேகத்தில் காற்று சுமார் 96 நியூட்டன் விசையோடு பின்னால் தள்ளும். இரண்டையும் கூட்டி, நொடிக்கு 16.7 மீட்டர் என்ற வேகத்தால் பெருக்கினால் 2.1 கிலோவாட், அதாவது மூன்று ஹெச்.பி.க்கு ஒரு முடி குறைவு.

வேகத்தைக் கூட்டினால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதை வெல்லத் தேவையான திறனோ கனமாக ஏறும். அதனால் 80 கி.மீ.க்கு ஆறு ஹெச்.பி., 100 கி.மீ.க்குப் பதினொன்று. 1985இல் வந்து 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 நினைவிருக்கிறதா? 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 ஹெச்.பி. அந்த வண்டி சொல்லிவைத்தாற்போல் நூறைத் தொட்டதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

போன வருடம் என் அக்கா மகனுக்கு வண்டி பார்க்கப் போன அன்று இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ராசிபுரத்திலிருந்து சேலத்தில் கல்லூரிக்குப் போகிறவன். ஒரு வழி முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆண்டகளூர் கேட் தாண்டி மல்லூர் வழியாக நால்வழிச்சாலை. சீலநாயக்கன்பட்டி வந்ததும் நகர நெரிசல். பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். “மாமா, 150க்குக் கீழ எடுத்தா கிளாஸ்ல எவனும் மதிக்க மாட்டான்” என்றான். அவன் சொன்னதை நான் சிரித்துத் தள்ளவில்லை. அந்த வயதில் மதிப்பும் ஒரு தேவைதான். ஆனால் ஷோரூமில் அவன் முதலில் ஏறி உட்கார்ந்தது 815 மி.மீ. இருக்கை உயரமுள்ள ஸ்போர்ட்ஸ் பைக். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, குதிகாலைப் பார்த்தேன். இரண்டு குதிகாலும் தரையிலிருந்து நாலு விரல் மேலே நின்றன. முன்பாதம் மட்டும் டைல்ஸில் ஊன்றியிருந்தது, அதுவும் செருப்பின் நுனி வளைய.

அந்த நாலு விரல் இடைவெளிக்குள் ஒரு முழு இயற்பியல் பாடம் இருக்கிறது. நேராக நிற்கும் வண்டிக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும். பத்து டிகிரி சாய்ந்தால் போதும், எடை தன்னைக் காட்டும். ஹீரோ ஸ்ப்ளெண்டர் மாதிரி 112 கிலோ வண்டி அவ்வளவு சாய்ந்தால், கைப்பிடியில் பத்துக் கிலோ அளவு விசை கொடுத்து நிறுத்திவிடலாம். 195 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்குப் பதினேழு வேண்டும். இருபது டிகிரி என்றால் இரண்டும் இரட்டிப்பாகும்: இங்கே இருபது, அங்கே முப்பத்துமூன்று. முப்பத்துமூன்று கிலோவை ஒரு பக்கமாக, கோணலாக நின்றுகொண்டு இழுத்துப் பிடிக்கப் பழகிய உடம்பால்தான் முடியும். ஐந்து ரோடு சிக்னலில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, இடது கால் ஊன்றும் இடத்தில் ஒரு சின்னக் குழி இருந்தால் இந்த இருபது டிகிரி கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அந்த நொடியில் குதிகால் தரையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்ப்ளெண்டரின் இருக்கை 785 மி.மீ. மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் தாளில் ஒன்றுமில்லை. காலுக்கு அதுவே எல்லாம். உயரம் குறைந்தவர்கள், ஆணோ பெண்ணோ, விலைப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இனி எஞ்சின். நம் ரோடுகளில் ஓடும் ‘நூறு சிசி’ வண்டிகளில் பெரும்பகுதியின் எஞ்சின் உண்மையில் 97.2 சிசி. சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 49.5 மி.மீ. பள்ளியில் படித்த உருளையின் கனஅளவு வாய்பாட்டில் இந்த இரண்டு எண்ணையும் போட்டால் சரியாக 97.2 வரும். 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வழியாக இந்தியாவுக்குள் வந்த அளவு இது. 1994இல் ஸ்ப்ளெண்டருக்குப் போனது. இன்றும் அதே அளவு. கிராங்கில் எட்டு ஹெச்.பி. செயின், கியர் தின்றதுபோகச் சக்கரத்துக்கு ஏழு. அறுபதில் போக மூன்றுதான் தேவை என்று பார்த்தோமே, ஆக நாலு கையிருப்பு.

அந்த மூன்று குதிரையைப் பெரிய எஞ்சினிடமும் கேட்கலாம், அதுவும் கொடுக்கும். ஆனால் கொடுக்கும் விதம் வேறு. 350 சிசி எஞ்சின் மூன்று ஹெச்.பி. மட்டும் தரவேண்டுமானால் காற்று போகும் வழி கிட்டத்தட்ட மூடியே இருக்க வேண்டும். மூக்கை முக்கால்வாசி பொத்திக்கொண்டு மூச்சிழுத்துப் பாருங்கள், நெஞ்சு வலிக்கும். பிஸ்டனும் அப்படித்தான் ஒவ்வொரு இழுப்பிலும் மூச்சுமுட்டி வேலை செய்கிறது. கூடவே பெரிய பிஸ்டனின் உராய்வு, பெரிய கிராங்கின் எடை. சின்ன எஞ்சின் அதே வேலையைத் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டு செய்கிறது. மைலேஜ் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இந்த மூச்சு விஷயம்தான். இருந்தாலும் சின்ன எஞ்சின்கூட மகாசிக்கனம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் 60 கி.மீ. போனால், சக்கரத்துக்கு வந்து சேர்ந்தது எட்டு மெகாஜூலுக்கும் குறைவு. நாலில் மூன்று பங்கு சைலன்சர் வழியாகவும் எஞ்சினின் துடுப்புகள் வழியாகவும் சூடாகப் போய்விட்டது.

அப்படியானால் எல்லோரும் நூறு சிசி எடுத்தால் போதுமா? இங்கே நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். நாமக்கல் லாரி கட்டும் ஊர். சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போர்வெல் ரிக் வண்டிகளும் டேங்கர்களும் டாரஸ்களும் ரோட்டை நிறைத்து ஓடும். நால்வழிச்சாலையில் எழுபதில் போகும்போது, பின்னால் நண்பனும் உட்கார்ந்திருக்க, நூறு சிசி வண்டியின் கையிருப்பு மூன்று ஹெச்.பி.க்கும் கீழே. அதை வைத்து வண்டி நொடிக்கு அரை மீட்டர் அளவுகூட வேகம் கூட்டாது. அதே இடத்தில் பத்தரை ஹெச்.பி. தரும் 125 சிசி வண்டியின் கையிருப்பு ஐந்து. மொத்தத் திறனில் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் கையிருப்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டாரஸின் பக்கவாட்டில் அகப்பட்டுக்கொண்டிருக்கும் நேரம் அதனால் குறையும். டவுனுக்குள்ளும் ஊர் ரோட்டிலும் மட்டும் ஓட்டுகிறவருக்கு நூறு, நூற்றுப்பத்து தாராளம். தினமும் நால்வழிச்சாலையில், அதுவும் ஆள் ஏற்றிப் போகிறவருக்கு 125. முதல் வண்டிக்கு அதற்கு மேலே போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஏனென்றால் கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு குதிரையும் வேகமாக மாறும். அந்த வேகத்தை ஒருநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மல்லூர் தாண்டி ஒரு பிரிவில் டிராக்டர் குறுக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது மீட்டர் தூரத்தில் பார்க்கிறீர்கள். கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி. அறுபதில் வந்தவர் அந்த ஒரு நொடியில் 17 மீட்டர் போய்விடுவார். பிறகு இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்தால் இன்னொரு 23 மீட்டரில் நிற்பார். மொத்தம் நாற்பது. டிராக்டரின் சக்கரத்தை முன்டயர் தொடாத குறையாக வண்டி நிற்கும்.

அதே இடம், அதே டிராக்டர், அதே நாற்பது மீட்டர். எண்பதில் வந்தவர் அந்த முதல் நொடியிலேயே 22 மீட்டரைத் தாண்டிவிட்டார். மிச்சம் 18 மீட்டர். அதே பிரேக்கை அதே அளவு பிடிக்கிறார். டிராக்டரைத் தொடும்போது அவருடைய வேகம் எவ்வளவு இருக்கும்? இருபது கூட வந்தவர், இருபதில் மோதுவார் என்றுதான் மனம் சொல்லும். கணக்கு சொல்வது 60. முதலாமவர் அசையாமல் நிற்கும் அதே இடத்தில் இரண்டாமவர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மோதுகிறார். நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியையும் தாண்டிய 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம் அது. இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் எனக்கு மனசு பதறுகிறது. நம் ஊர் அரசு மருத்துவமனை வாசல்களில் இரவு பத்து மணிக்கு நிற்கும் தாய்மார்கள் இந்த இருபது கிலோமீட்டருக்காகத்தான் நிற்கிறார்கள்.

அதனால் வண்டி வாங்கும்போது எஞ்சினைப் பற்றிக் கேட்கும் நேரத்தில் பாதியாவது பிரேக்கைப் பற்றிக் கேளுங்கள். நம் பக்கத்தில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: ‘முன் பிரேக்கைப் பிடிக்காத, தூக்கி அடிச்சிரும்.’ அப்பா மகனுக்குச் சொல்லி, அண்ணன் தம்பிக்குச் சொல்லி வருகிறது. டவுன் பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கும் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் அல்லவா, பைக்கின் எடையும் அப்படியே முன்னால் சாயும். வண்டி சும்மா நிற்கும்போது பின்சக்கரத்தின் மேல் பாதிக்கு மேல் எடை இருக்கும். கடுமையாக நிறுத்தும்போது முக்கால் பங்கு முன்சக்கரத்துக்குப் போய்விடும். எடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் டயர் ரோட்டைப் பிடிக்கும். பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் கால் பங்கு எடையை வைத்துக்கொண்டு முழு வண்டியையும் நிறுத்தப் பார்க்கிறார். அறுபதில் 23 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 40 மீட்டர் ஓடும், அதுவும் பின்சக்கரம் வழுக்கி இழுக்க.

முன் பிரேக் தூக்கி அடிப்பது எப்போது? எடை முன்னால் வந்து சேர்வதற்குள் லிவரை வெடுக்கென்று இழுத்து, சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும்போது. இதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ். சக்கரத்தின் சுழற்சியை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக்கின் அழுத்தத்தைக் கணநேரம் விட்டு, மறுபடி பிடிக்கும், நொடிக்குப் பல தடவை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு இது கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் குறைந்தபட்சம் சிபிஎஸ் வேண்டும்: பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். அப்பாவின் பழைய பழக்கத்தோடு ஓட்டுகிறவருக்குக்கூட அது பாதி வழி உதவி. ஒரே மாடலில் முன்னால் டிரம், டிஸ்க் என்று இரண்டு வகை இருந்தால் கூடுதல் சில ஆயிரத்தைக் கொடுத்து டிஸ்க் எடுங்கள். அலாய் வீலுக்கும் ஸ்டிக்கருக்கும் போகும் பணம் இங்கே போகட்டும்.

இந்தப் பிரேக்கெல்லாம் வேலை செய்வது டயர் ரோட்டைத் தொடும் இடத்தில். இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 90 சதுர சென்டிமீட்டர்; ஓர் உள்ளங்கை. அந்த உள்ளங்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். களம் இல்லாதவர்கள் கொள்ளுச் செடியையும் சோளக் கதிரையும் ஊர் ரோட்டில் பரப்பி வண்டிகளை ஏறவிடுவார்கள். செடி மிதிபட்டு, கொள்ளு உதிர்ந்து தார்மேல் கிடக்கும். காரும் பஸ்ஸும் ஒன்றும் ஆகாமல் போய்விடும். பைக் டயருக்கும் தாருக்கும் நடுவே உருண்டை மணிகள் மாட்டினால் அவை பேரிங்கில் இருக்கும் பால்ரஸ் போலவே வேலை செய்யும். டயர் பிடிக்க எதுவுமே இல்லை. அங்கே எந்த ஏபிஎஸ்ஸும் அற்புதம் செய்யாது. பரப்பி வைத்திருப்பதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் போகும்போது பிரேக்கையும் தொடாமல், ஹேண்டிலையும் வளைக்காமல், நேராகக் கடந்துவிட வேண்டும். முதல் மழையில் டீசலும் தூசியும் குழைந்து கிடக்கும் லாரிப்பட்டறை ரோடும் இதே வகைதான்.

வண்டி வாங்கினால் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஏற்காடு போவது சேலத்தில் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவு, சுமார் 1200 மீட்டர் இறக்கம். இரண்டு பேரும் வண்டியும் 250 கிலோ என்றால், மேலிருந்து கீழே வருவதற்குள் தொலைக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மெகாஜூல். பத்து லிட்டர் தண்ணீரை, அதாவது ஒரு குடத்தை, கொதிக்கவைக்கும் சூடு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் காற்று கொண்டுபோனது போக அத்தனையும் அந்தச் சின்ன டிரம்மின் மேல்தான் இறங்கும். சூடேறிய பிரேக் கட்டைக்குப் பிடிப்பு போய்விடும். மிதித்தாலும் வண்டி கேட்காது. இரண்டாம் கியரில் இறக்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எழுபது வளைவுள்ள கொல்லிமலைக்கு இது இன்னும் பொருந்தும்.

சட்டம் சுருக்கமாக: கியர் வண்டிக்குப் பதினெட்டு வயது. பதினாறில் ஓட்டலாம் என்பது 50 சிசிக்கு மேற்படாத கியரில்லா வண்டிக்கு மட்டும். வயது வராத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அவன் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழித்து எட்டு போட்டுக் காட்ட வேண்டும். எட்டு நல்ல தேர்வுதான், மெதுவான வேகத்தில் நிதானம் இருக்கிறதா என்று அது பார்க்கும். ஆனால் அவசரத்தில் நிறுத்தத் தெரியுமா என்று அது கேட்பதே இல்லை. அதை நாமாகத்தான் பழக வேண்டும்.

பழகாததன் விலையை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தது. விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கியிருந்தார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. நம் ஊர் அப்பாக்களின் அறிவுரை அங்கேயும் இருந்திருக்கிறது போலும். இன்னொரு கண்டுபிடிப்பு என்னை அதைவிட யோசிக்க வைத்தது. அவர்கள் சராசரியாக மூன்று ஆண்டுக்கு நெருக்கமாக ஓட்டிப் பழகியவர்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டியோடு ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை. பைக் ஓட்டுவது என்பது பெரும்பாலும் இந்த வண்டி, இந்த லிவர், இந்த எடை என்று கையும் காலும் தனித்தனியே கற்கும் பாடம். நண்பனின் வண்டியை ‘ஒரு ரவுண்டு’ வாங்கிப் போகும்போது அந்தப் பாடம் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது.

கடைசியில் அக்கா மகன் எடுத்தது ஒரு 125. முன்னால் டிஸ்க், இரண்டு குதிகாலும் தரையில். ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, தாடைக்குக் கீழே ஸ்ட்ராப் இறுகுகிறதா என்று நானே இழுத்துப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு காலை ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத, தார் போட்ட ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. நாற்பதில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு செங்கல்.

முதல் தடவை பழக்கப்படி பின் பிரேக்கை மட்டும் மிதித்தான். பின்சக்கரம் கீச்சென்று இழுத்துத் தரையில் கறுப்புக் கோடு போட்டது. கோட்டிலிருந்து செங்கல்வரை அடி வைத்து எண்ணினோம், இருபத்துநாலு தப்படி. “இப்ப முன்னாடியும் பிடி கண்ணு, வெடுக்குன்னு இழுக்காத, எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி” என்றேன். பயந்து பயந்து பிடித்தான், இருபது வந்தது. அன்று பதினெட்டோடு நிறுத்திக்கொண்டோம். கை வலிக்கிறது என்றான்.

மூன்றாவது ஞாயிறு நான் போக முடியவில்லை. சாயங்காலம் போன் செய்தான். “மாமா, பதினஞ்சு தப்படி. நாலு தடவை வந்தேன், நாலு தடவையும் பதினஞ்சுதான். செங்கலை நகர்த்தவே இல்ல.”